ஈரறிவுயிரும் முத்துச் சலாபமும்

மெல்போர்னில் 1946இல் பிறந்த பீட்டர் சிங்கர், ஆக்ஸ்போர்டில் பயிலுங்காலத்தே புலாலைத் துறந்ததையும், 1975இல் ‘விலங்கு விடுதலை’ என்னும் நூலை வெளியிட்டதையும் வாசகர் அறிவராதலின், அந்நூலின் இரு பதிப்புகளுக்கிடையே நேர்ந்த ஒரு பாடவேறுபாட்டை மட்டும், தூத்துக்குடி மில்லர்புரத்துக்குக் கிழக்கே விரியும் முத்துக்கடலை முன்னிட்டு ஈண்டு ஆராயப் புகுகிறேன்.

துன்பத்தை உணரும் பிராணிகளுக்கும் உணராதவற்றுக்கும் இடையே எல்லை வகுக்க நேர்ந்தபோது, இறாலுக்கும் சிப்பிக்கும் நடுவே அதனை இடலாமென்று முதற்பதிப்பிற் கூறினார் சிங்கர். அதன்படி சிப்பி உண்ணத்தக்கதாயிற்று. 1990இல் வந்த இரண்டாம் பதிப்பிலோ, சிப்பி நோவை உணர்கிறதென்று துணிதற்கில்லை, உணரவில்லையென்று துணிதற்கும் இல்லை, உண்ணாதிருத்தல் எளிதாதலின் தவிர்த்தலே நன்று என்று மாற்றினார். பின்னாளிலும் அவர் இதில் ஒருநிலைப்பட நின்றாரல்லர். தம் தீர்ப்பைத் தாமே திருத்தும் அந்நேர்மையை உளமாரப் போற்றுகிறேன். ஆயினும் திருத்தத்துக்கு அவர் காட்டிய ஹேதுவை ஏற்க என்னால் இயலவில்லை.

சிப்பிக்கு மனிதனால் வரும் கேடு உணவு வழியே வருவதென்று அந்த ஹேது கொள்கிறது. ஆனால் மன்னார் வளைகுடாவின் முத்துக்குளிப்புச் சலாபங்களில், கடலடிப் பார்களிலிருந்து வாரிய சிப்பிகளைக் கொட்டு என்னும் அடைப்புகளிற் குவித்து, தசை அழுகிக் கழியுமளவும் நாட்கணக்கில் விட்டு, பின்னர்க் கழுவி முத்தெடுத்தனர். எதிர்க்கரையான இலங்கையிலுள்ள மரிச்சுக்கட்டியில் 1905ஆம் ஆண்டுச் சலாபமொன்றில் மட்டும் 8 கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. இத்தனையும் ஆபரணத்தின் பொருட்டே. கொற்கைப் பகுதியில் தண்டனை பெற்ற குற்றவாளிகளைக் கொண்டு முத்தெடுத்தனர் என்னும், பெரிப்ளூஸ் என்ற பண்டைக் கிரேக்கக் கடல்வழி நூலின் குறிப்பை நோக்குங்கால், இவ்வலங்காரத்தின் விலையை மனிதரும் உடன் செலுத்தினர் என்பது புலனாகும்.

தொல்காப்பிய மரபியலோ வேறு வழியிற் செல்கிறது. புல்லும் மரமும் ஓரறிவுயிர். நத்தை, சிப்பி இனங்கள் தீண்டலும் சுவையும் உடைய ஈரறிவுயிர். சமண சாஸ்திரங்களும் அங்ஙனமே வகுத்தன. இவ்வொற்றுமையையும் ஓர் ஆதாரமாகக் கொண்டு தொல்காப்பியரைச் சமணர் என்றார் வையாபுரிப்பிள்ளை. மரபியலின் காலமும், அது மூலநூலின் பகுதிதானா என்பதும் இன்றளவும் முடிவுறாத வழக்குகள். அவற்றை நான் தீர்க்கப் புகவில்லை. இவ்வைப்புமுறையில் உள்ளே, வெளியே என்று பிரிக்கும் வாயில் இல்லை, படிகளே உண்டு என்பதொன்றே என் வாதத்துக்கு வேண்டுவது. படிகளை ஒப்புக்கொண்டால், உணருமா என்னும் ஒற்றை வினாவோடு, எதன் பொருட்டுக் கொல்கிறோம் என்பதையும் கேட்டே தீரவேண்டும். ஐயம் மிகுந்த இடத்தில் அலங்காரம் போன்ற அற்பப் பிரயோஜனம் உயிருக்கு ஈடாகாதென்பது என் துணிபு.

இங்கே ஒரு சான்றைச் சற்று விரித்துரைக்க வேண்டும். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தைச் சார்ந்த அழகர்சாமி முதலியோர் தூத்துக்குடியை அடுத்த வேப்பலோடையில் 1973இல் வளர்ப்பு முத்தை உருவாக்கினர். வேறொரு சிப்பியின் மென்றோல் துணுக்கையும் ஒரு மணியையும் உள்ளே பதிக்குமுன் சிப்பியை மென்தால் கொண்டு மயக்குவது இம்முறையின் ஓர் அங்கம். ஓடு மூடாதிருக்கத் தசையைத் தளர்த்துவதே அதன் நோக்கமாதலின், இதுகொண்டு நோவுணர்ச்சியை நிறுவிவிட முடியாது. மூளையின்றிச் சில நரம்புமுடிச்சுகளே உடைய உயிர் அது. ஆயினும் கத்தியைக் கண்டு ஓட வழியற்ற அவ்வுயிர், தன்னால் இயன்ற ஒரே எதிர்ப்பாகிய மூடுதலைச் செய்யாதிருக்கும்பொருட்டு மயக்கப்படுகிறது என்பதை, எல்லைக்கு வெளியே அதனை நிறுத்தியோர் எண்ணிப் பார்த்தல் தகும்.

1961க்குப் பின் தூத்துக்குடிப் பார்களில் சலாபம் நிகழவில்லை. அதற்குக் காரணம் சிப்பிகள் அருகியமை. ஜீவகாருண்யம் வளர்ந்ததன் விளைவாக அதனைக் கொள்ளுதற்கு ஆதாரம் இல்லை.