பாதம் கழற்றிய யந்திரம்

தையல் யந்திரத்தைப் பற்றி எழுதப் போகிறேன் என்றதும் நண்பர் ஒருவர் சிரித்தார். "ராஜபாளையத்தில் நாயும் மாம்பழமும் இருக்கின்றன, ஸ்ரீவில்லிபுத்தூரில் கோபுரமும் பால்கோவாவும் இருக்கின்றன. உமக்குத் தையல் யந்திரம்தானா அகப்பட்டது?" என்றார். அவர் சொன்ன நான்கைப் பற்றியும் வேண்டிய மட்டும் எழுதியாகிவிட்டது. இந்த இரண்டு ஊர்களிலும் எத்தனையோ வீடுகளில், ஜன்னல் வெளிச்சம் விழும் இடமாகப் பார்த்து, கறுப்பு உடம்பில் தங்கப் பூக்கொடி எழுதிய யந்திரம் ஒன்று நின்றிருக்கிறது. அதைப் பற்றித்தான் யாரும் மூச்சு விடுவதில்லை.

இதன் கதை பூவேலையில் ஆரம்பிக்கிறது. நம் நாட்டில் 'ஆரி' என்று ஒரு கொக்கி ஊசி உண்டு. துணியைச் சட்டத்தில் முரசுத் தோல் மாதிரி விறைப்பாகக் கட்டி, மேலிருந்து கொக்கியை இறக்கி, அடியிலுள்ள நூலைக் கொத்தி இழுத்தால் சங்கிலி சங்கிலியாகத் தையல் விழும். பதினெட்டாம் நூற்றாண்டில் இந்த வித்தை கிழக்கேயிருந்து பிரான்ஸுக்குப் போயிற்று. அங்கே அதற்கு முரசின் பெயரையே வைத்தார்கள். பார்த்தலமி திமோனியே என்ற பிரெஞ்சுத் தையற்காரர் இந்தக் கொக்கி வேலையைப் பார்த்துத்தான் மரத்தில் ஒரு யந்திரம் செய்தார். 1830-இல் அதற்கு உரிமையும் பெற்றார். பட்டாளத்துக்கு உடுப்புத் தைக்கப் பாரிஸில் பட்டறை போட்டார். மறு வருஷமே, கையால் தைத்துப் பிழைப்பவர்கள் கூட்டமாகப் புகுந்து யந்திரங்களை உடைத்தெறிந்துவிட்டார்கள். மனிதர் ஏழையாகவே 1857-இல் கண்ணை மூடினார். அமெரிக்காவில் வால்ட்டர் ஹண்ட் என்பவர் 1830-களில் யந்திரம் ஒன்றைச் செய்தும் உரிமை கேட்காமல் விட்டார். தையற்காரிகளின் வாயில் மண் விழும் என்று அவர் மகள் தடுத்ததாகச் சொல்வார்கள். பிறகு 1846-இல் எலியாஸ் ஹோ, 1851-இல் ஐசக் ஸிங்கர்.

ஸிங்கர் கம்பெனியின் பெரிய கண்டுபிடிப்பு யந்திரம் அல்ல, தவணை என்பது என் கட்சி. ஸிங்கரின் கூட்டாளி எட்வர்ட் கிளார்க் 1856-இல் அதை ஆரம்பித்து வைத்தார். கையிலே காசில்லாத வீட்டுக்குள் ஓர் இரும்புச் சாமான் நுழைந்து உட்கார்ந்துகொள்ள அதுதான் வழி செய்தது.

1870-களில் ஸிங்கர் இந்தியாவுக்கு வந்தபோது இங்கே தைக்க என்ன இருந்தது? புடவைக்குத் தையல் கிடையாது, வேஷ்டிக்கும் கிடையாது. வெட்டாத, தைக்காத துணிதான் மடி என்று நினைத்த வீடுகள் எத்தனையோ! ரவிக்கையும் சட்டையும் பள்ளிக்கூடப் பையனின் நிஜாரும் வந்த பிறகுதான் யந்திரத்துக்கு வேலை வந்தது. நூலுக்குப் பஞ்சமில்லை. ஹார்வி சகோதரர்கள் பாபநாசத்து அருவித் தண்ணீரை நம்பி 1880-களில் ஒரு மில்லும், 1892-இல் மதுரையில் ஒன்றும் ஆரம்பித்தார்கள். விருதுநகரிலிருந்து தென்காசிக்கு 1927-இல் ரயில் வந்தது. 1936-இல் பி. ஏ. ஸி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்லை நிறுவினார். அதே 1930-களின் நடுவில்தான் கல்கத்தாவில் ஜே எஞ்சினீரிங் கம்பெனி 'உஷா' யந்திரத்தைச் செய்யத் தொடங்கியது. அதன்பின் ஸிங்கரா, உஷாவா என்று மாமியாரும் மருமகளும் வாதாடலாயிற்று.

யந்திரங்களுக்குப் பகை என்று பெயரெடுத்த காந்திஜியே இதற்கு மட்டும் விலக்குக் கொடுத்தார். 1924-இல் தில்லியில், சாந்திநிகேதனத்து மாணவர் ஜி. ராமச்சந்திரன் அவரிடம் யந்திரங்களைப் பற்றித் துருவித் துருவிக் கேட்டார். உலகில் உருப்படியாகக் கண்டுபிடித்த சில சாமான்களில் ஸிங்கர் யந்திரம் ஒன்று என்றும், மனைவி கையால் தைத்து அலுத்துப்போவதைக் காணப் பொறாத அன்பிலிருந்து பிறந்தது அது என்றும் காந்திஜி சொன்னார். மாணவர் விடவில்லை. அதைச் செய்ய ஒரு தொழிற்சாலை வேண்டுமே, அங்கே பெரிய யந்திரம் வேண்டுமே என்று மடக்கினார். அப்படியானால் அந்தத் தொழிற்சாலை ராஜாங்கத்தின் வசம் இருக்கட்டும் என்றார் காந்திஜி. அந்த ராமச்சந்திரன்தான் பிற்காலத்தில் டாக்டர் சௌந்தரத்தை மணந்து, 1947-இல் திண்டுக்கல் பக்கம் காந்திகிராமத்தை உண்டாக்கியவர். ஸிங்கருடைய சொந்த வாழ்க்கையைப் படித்தவர்கள் 'மனைவி மேல் அன்பு' என்ற இடத்தில் கொஞ்சம் இருமுவார்கள். அது வேறு சங்கதி.

ராஜபாளையம் பழையபாளையத்தில் என் பெரியம்மா ஒருத்தி இருந்தாள். முப்பது வயதுக்குள் தாலியை இழந்தவள். குடும்பத்தில் பாகம் பிரித்தபோது பாத்திரம், பீரோ, அம்மி வரைக்கும் எழுதினார்கள். யந்திரத்தின் மேலும் ஒருவர் கை வைத்தார். பெரியம்மா உள்ளே போய்த் தவணை ரசீதுகளைக் கொண்டுவந்து பாயில் வைத்தாள். எல்லாம் அவள் பேரில் இருந்தன. அந்த வீட்டில் அவள் பேரில் இருந்த காகிதம் அவ்வளவுதான். கை வைத்தவர் எடுத்துக்கொண்டார்.

ரவிக்கை தைக்க ஊரில் பத்துப் பேர் இருந்தார்கள். பெரியம்மாவுக்குச் சோறு போட்டது வேறு வேலை. யந்திரத்தில் துணியை அமுக்கிப் பிடிக்கும் பாதம் ஒன்று உண்டு. அடியிலே துணியைக் கவ்விப் பின்னுக்குத் தள்ளும் பற்கள் உண்டு. இரண்டுமாகச் சேர்ந்து தையலை நேர்கோட்டில் கொண்டுபோகும். பெரியம்மா பாதத்தைக் கழற்றிவிடுவாள். அடியிலுள்ள திருகைத் திருப்பிப் பற்களை இறக்கிவிடுவாள். திருகு இல்லாத யந்திரமானால் பற்களின் மேல் தகடு போட்டு மூடவேண்டும். அதற்குப் பிறகு துணிக்கு எஜமானன் கிடையாது; இரண்டு கைகளும் எப்படி நகர்த்துகின்றனவோ அப்படியெல்லாம் நூல் ஓடும். கால் ஓடி, கை மெதுவாக நகர்ந்தால் பொடித் தையல். கை முந்தினால் நீளத் தையல். ஊசி துணிக்குள் இருக்கும்போது வெடுக்கென்று இழுத்தால் ஊசி ஒடியும். பாதந்தான் இல்லையே என்று அதன் நெம்புகோலை இறக்காமல் விட்டால், மேல் நூல் தளர்ந்து அடியில் குருவிக்கூடு கட்டிவிடும். கற்றுக்கொள்ள வந்த பெண்கள் எல்லோரும் முதல் நாள் இதில்தான் அழுதார்கள்.

தலையணை உறையில் பூ, குழந்தைச் சட்டையில் மயில், இவற்றை எல்லோரும் செய்தார்கள். பெரியம்மாவின் கைவரிசை போர்வையில். இரண்டு பழம்புடவைகளுக்கு நடுவே வெளுத்த வேஷ்டியை வைத்து, மூன்றும் நழுவாமல் நூலோட்டிக்கொண்டு, நட்ட நடுவில் ஊசியை இறக்குவாள். ஓரத்தில் ஆரம்பித்தால் நடுவில் துணி சுருங்கிக் கொப்பளிக்கும். நடுவே எப்போதும் கிளிதான். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாளின் தோளில் இருப்பது இலைக்கிளி; தினம் புதிதாகக் கட்டுவார்கள், மாதுளம்பூ அதற்கு மூக்கு. "அங்கே தினம் ஒரு கிளி, இங்கே துணிக்கு ஒரு கிளி" என்பாள். பென்சிலால் கோடு போட மாட்டாள். அதனால் ஒரு கிளி போல இன்னொன்று வந்ததில்லை. பேறு காலத்துக்கு வந்த பெண்களுக்கென்று ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ் ஏறி வந்து வாங்கிப்போவார்கள். தன் இரண்டு பெண்களையும் அந்தக் காசில்தான் படிக்க வைத்தாள்.

இப்போது கம்ப்யூட்டர் யந்திரம் ஒரே நேரத்தில் பத்துப் பன்னிரண்டு கிளிகளை அச்சுக் குத்துகிறது. பன்னிரண்டும் ஒரே முகம். எனக்கு அதன்மேல் கோபமில்லை. கிளிகள்மேல்தான் கொஞ்சம் பரிதாபம். விதவைகளுக்கும் கைவிடப்பட்ட பெண்களுக்கும் சத்தியவாணி முத்து அம்மையார் பெயரால் அரசாங்கம் இலவசமாக யந்திரம் கொடுக்கிறது. நல்ல காரியம். கல்யாண ரவிக்கைகளில் இப்போது ராஜ்யம் பண்ணுவது பழைய ஆரி ஊசி. திமோனியே பார்த்து வியந்த அதே கொக்கியைச் சட்டத்தின் முன் உட்கார்ந்து நம் பெண்கள் சம்பளம் கட்டிக் கற்றுக்கொள்கிறார்கள்.

கறுப்பு யந்திரங்கள் பழைய இரும்புக் கடைக்கு வருகின்றன. எடை போட்டுத்தான் வாங்குகிறார்கள். யந்திரம் பழுது பார்க்கிற ஒருவர் வாரம் ஒரு முறை அங்கே போய், பாபின் கேஸையும் ஷட்டிலையும் மட்டும் கழற்றி வேறாக விலை பேசி எடுத்துக்கொண்டு வருகிறார்.