வகுப்பறைக்குள் வந்த ஓசி டிவி

போன மாசம் ஆபீஸில் ஒரு மீட்டிங். பள்ளிக்கூடங்களுக்கான ஒரு ஆப் செஞ்சுகிட்டு இருக்கோம். வருகைப் பதிவு, வீட்டுப்பாடம், மார்க் எல்லாம் அதுல வரும், பசங்களும் லாகின் பண்ணிப் பார்க்கலாம். "வீட்டுப்பாடம் வர்ற பக்கத்துல மேல ஒரு பேனருக்கு இடம் விட்டுடுங்க, பின்னாடி தேவைப்படும்"னு ஒருத்தர் சொன்னார். என்ன பேனர்னு கேட்டேன். "ஸ்பான்சர்தான். அதனாலதானே ஸ்கூலுக்கு ஃப்ரீயா குடுக்க முடியுது"ன்னார். தலையை ஆட்டிட்டு வந்துட்டேன். ராத்திரி வரைக்கும் அது மண்டைக்குள்ள ஓடிக்கிட்டே இருந்துச்சு. இதை எங்கேயோ படிச்ச மாதிரி இருக்கேன்னு தேடிப் போனதில் சிக்கியதுதான் இந்த அமெரிக்கக் கதை. ஆணி பிடுங்குற நேரம் போக மிச்ச நேரத்தில் படிச்சது. கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கோங்க மக்களே.

கதையின் நாயகன் (வில்லன்னும் சொல்லலாம்) கிறிஸ் விட்டில். டென்னசி மாநிலத்தில் நாக்ஸ்வில் நகரத்துக்காரர். 1979ல் தன் கூட்டாளியோட சேர்ந்து எஸ்கொயர் பத்திரிகையை வாங்கினவர். 1988ல் டாக்டர்களின் காத்திருப்பு அறைகளுக்குன்னே ஒரு பத்திரிகை வரிசை ஆரம்பிச்சார். அதை வாங்கும் டாக்டர், மத்த பத்திரிகைகளைப் பெருமளவு குறைச்சுக்கணும் என்பது நிபந்தனை. ஊசிக்குக் காத்திருக்கிறவன் எங்கே போகப் போறான்? கையில் கிடைச்சதைத்தான் புரட்டுவான். விட்டிலின் மூளை வேலை செஞ்ச விதம் இதுதான். எழுந்து போக முடியாத ஆட்கள் எங்கே உட்கார்ந்திருக்காங்கன்னு தேடினார். அப்படி ஒரு இடம் மொத்த அமெரிக்காவிலும் பெரிசா இருந்துச்சு, அதுதான் பள்ளிக்கூடம்.

1989ல் ஆறு பள்ளிகளில் சோதனை ஓட்டம். 1990 மார்ச்சில் சானல் ஒன் சுமார் 400 பள்ளிகளில் முறையாத் தொடங்குச்சு. தினமும் 12 நிமிஷம். அதுல 10 நிமிஷம் இளைஞர்களுக்கான செய்தி, 2 நிமிஷம் விளம்பரம். முப்பது செகண்ட் விளம்பரம் நாலு. செய்தி ஒண்ணும் மட்டமில்லை. ஆண்டர்சன் கூப்பர், லிசா லிங் இரண்டு பேரும் அங்கிருந்து வளர்ந்தவங்கதான். பதிலுக்குப் பள்ளிக்கு என்ன கிடைக்கும்? கூரையில் ஒரு டிஷ், வீடியோ ரெக்கார்டர், வகுப்புக்கு ஒரு டிவி, வயரிங் எல்லாம் இலவசம். ஒரு பள்ளிக்கு ஏறத்தாழ 50 ஆயிரம் டாலர் பெறுமானம். கூரை ஒழுகுற பள்ளியின் தலைமை ஆசிரியர் இடத்தில் நின்னு பாருங்க. நானா இருந்தாலும் கையெழுத்துப் போட்டிருப்பேனோ என்னவோ.

என்னை நிறுத்தி வெச்சது அந்த ஒப்பந்தம்தான். நம்ம தொழிலில் எஸ்எல்ஏ போடுவோமே, அதே மாதிரி இருந்துச்சு. பள்ளி நாட்களில் 90 சதவீதத்தில் காட்டணும். வகுப்பறைகளில் 80 சதவீதத்தில் ஓடணும். நிகழ்ச்சியை முழுசாக் காட்டணும், விளம்பரத்தை வெட்டக் கூடாது. மூணு வருஷ ஒப்பந்தம், முறிச்சா சாமானைத் திருப்பிக் கொடுத்துடணும். சாதாரணமா எஸ்எல்ஏ-ன்னா சேவை கொடுக்கிறவன்தான் இத்தனை சதவீதம் தர்றேன்னு உறுதி கொடுப்பான். இங்கே உறுதி கொடுத்தது பள்ளிக்கூடம். விட்டில் விளம்பரக் கம்பெனிகளுக்கு வித்த சரக்கு செய்தி இல்லை. பையன் கண்ணைத் திறந்து உட்கார்ந்திருப்பான் என்கிற உத்தரவாதம்தான் சரக்கு. வீட்டு டிவியில் விளம்பரம் வந்தா பாத்ரூம் போகலாம், சானல் மாத்தலாம். இங்கே கட்டாயக் கல்விச் சட்டம் போட்டு அரசாங்கமே பிள்ளையைக் கொண்டுவந்து உட்கார வைக்குது. வருகைப் பதிவை வாத்தியாரே எடுத்துடறார். தொண்ணூறுகளின் பின்பாதியில் ஒரு முப்பது செகண்டுக்கு ஏறக்குறைய 2 லட்சம் டாலர் வாங்கினாங்கன்னா அது இதுக்காகத்தான்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன் (இன்ஜினியரிங் படிச்ச புத்தி). 180 பள்ளி நாளைக்கு 12 நிமிஷம் வீதம் 36 மணி நேரம். அதாவது ஆறு பள்ளி நாள். வெறும் விளம்பரம் மட்டும் 6 மணி நேரம், வருஷத்தில் ஒரு முழு நாள். அலெக்ஸ் மோல்னரும் மேக்ஸ் சாவிக்கியும் 1998ல் இதைக் காசாகவே மாத்திக் காட்டினாங்க. நாடு முழுக்க அந்த வகுப்பு நேரத்துக்கு மக்கள் வரிப்பணம் வருஷத்துக்கு 180 கோடி டாலர் போகுதாம். ஓசி டிவியாம் ஓசி டிவி!

எதிர்ப்பு இல்லாம இல்லை. நியூயார்க் மாநிலம் 1989லேயே அரசுப் பள்ளிகளுக்குள் விட மாட்டேன்னு சொல்லிடுச்சு. கலிபோர்னியாவின் கல்வித் தலைவர் பில் ஹோனிக் மல்லுக்கு நின்னார். ஆனா கோர்ட்டில் வேற மாதிரி போச்சு. வட கரோலினா உச்ச நீதிமன்றம் 1991ல், இது உள்ளூர்ப் பள்ளி வாரியத்தின் அதிகாரம்னு சொல்லிடுச்சு. கலிபோர்னியா மேல்முறையீட்டு நீதிமன்றம் 1994ல் கொடுத்த தீர்ப்பு கொஞ்சம் பரவாயில்லை. பள்ளி ஒப்பந்தம் போட்டுக்கலாம், ஆனா பிள்ளைகளைக் கட்டாயப்படுத்திப் பார்க்க வைக்கக் கூடாது. வேண்டாம்னா எழுந்து போகலாம்.

எழுந்து போறது லேசான விஷயமா? ஓஹியோவில் 2000ல் கூடப்பிறந்த இரண்டு பேர் பார்க்க மாட்டோம்னு வெளியே வந்தாங்க. ஒரு நாள் சிறுவர் தடுப்பு மையத்துக்கு அனுப்பினாங்க. விளம்பரம் பார்க்காத குற்றத்துக்கு!

யார் வீட்டுப் பிள்ளைகள் பார்த்தாங்க என்பதும் முக்கியம். மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் மைக்கேல் மோர்கன் 1993ல் ஆராய்ஞ்சு பார்த்ததில், ஏழைப் பிள்ளைகள் அதிகம் படிக்கும் பள்ளிகள்தான் இதில் அதிகம் சேர்ந்திருந்தது தெரிய வந்துச்சு. பாடப் புத்தகத்துக்குச் செலவு பண்ண வழியில்லாத இடங்களுக்கு டிவி போச்சு. அதே 1993ல் வந்த கிரீன்பெர்க், பிராண்ட் ஆய்வு, பார்த்த பசங்களுக்கு நாட்டு நடப்பு கொஞ்சம் கூடத் தெரிஞ்சிருந்ததுன்னு ஒப்புக்கொண்டது. கூடவே, விளம்பரத்தில் வந்த பொருட்கள் மேல் அவங்களுக்கு நல்ல அபிப்பிராயமும் பொருளாசையும் கூடியிருந்ததையும் சொன்னது. ரெண்டையும் சேர்த்துச் சொல்றதுதான் நியாயம்.

இந்தக் கதையில் எனக்கு ரொம்பப் பிடிச்ச காட்சி 1999 மே மாசம் செனட்டில் நடந்த விசாரணை. சானல் ஒன்னுக்கு எதிரா சாட்சி சொல்ல வந்தவங்களில் ஒருத்தர் ரால்ஃப் நேடர், நுகர்வோருக்காகக் கம்பெனிகளோடு வாழ்நாள் முழுக்க மோதினவர். இன்னொருத்தர் ஃபிலிஸ் ஷ்லாஃப்லி, பழமைவாதிகளின் தலைவி. சாதாரணமா ஒரே மேடையில் ஏறாத ஆட்கள். நம்ம ஊரில் யாரையும் யாரையும் சேர்த்து உதாரணம் சொல்ல நான் தயாரில்லை, பின்னூட்டத்தில் கும்மி எடுத்துடுவீங்க :-)

உச்சத்தில் 12 ஆயிரம் பள்ளி, 80 லட்சம் மாணவர்கள். விட்டில் கடனில் மாட்டி 1994லேயே வித்துட்டார். அப்புறம் கை மாறி மாறிப் போய் 2018ல் மூடினாங்க. எந்தச் சட்டமும் அதைக் கொல்லலை. இன்டர்நெட் வந்து பழைய டிவியை ஓரம் கட்டுச்சு, அவ்வளவுதான்.

இதே 1989ல் பக்கத்து நாட்டில் நடந்ததைச் சொல்லணும். கனடாவின் கியூபெக் மாநிலம், 13 வயசுக்குக் கீழே உள்ள பிள்ளைகளைக் குறிவைக்கும் வணிக விளம்பரங்களை 1980லேயே தடை செஞ்சிருந்தது. ஒரு பொம்மைக் கம்பெனி, பேச்சுரிமை போச்சுன்னு வழக்குப் போட்டுச்சு. கனடா உச்ச நீதிமன்றம் தடை செல்லும்னு தீர்ப்புச் சொல்லிடுச்சு. பேச்சுரிமை பாதிக்குதுதான், ஆனா விளம்பரத்தை எடைபோட்டுப் பார்க்க முடியாத வயசுப் பிள்ளைகளைக் காப்பாத்த அது நியாயம்தான் என்பது சாராம்சம். அந்தப் பக்கம் தடைக்குக் கோர்ட் முத்திரை குத்தின வருஷத்தில், இந்தப் பக்கம் ஆறு பள்ளிகளில் டிஷ் மாட்டிக்கிட்டு இருந்தாங்க.

நம்ம கதைக்கு வருவோம். எங்க பள்ளிக்கூடத்தில் நான் ஆறாவது படிக்கும்போது, பாலில் கலக்கிக் குடிக்கும் பவுடர் கம்பெனி ஆள் ஒருத்தர் வினாடி வினா நடத்த வந்தார். பரிசு ஒரு டைம்டேபிள் அட்டை. பாதி அட்டையில் டப்பா படம், மீதியில் திங்கள், செவ்வாய். நோட்டில் ஒட்டும் லேபிளிலும் அதே டப்பாதான். என் பேருக்கு மேல அவங்க பேரு. அன்னைக்கு ராத்திரி அம்மாகிட்ட அழுது அடம்பிடிச்சது நல்லா ஞாபகம் இருக்கு. அந்த மாசம் வீட்டில் பணம் இல்லைன்னு எனக்குத் தெரியாது. அடுத்த வாரம் டப்பா வந்துடுச்சு. எதை வாங்காம விட்டாங்கன்னு இன்னைக்கு வரைக்கும் நான் கேட்டதில்லை.

இந்தியாவில் 2020ல் எஃப்எஸ்எஸ்ஏஐ விதி கொண்டுவந்தது. கொழுப்பு, உப்பு, சர்க்கரை அதிகமுள்ள தின்பண்டங்களைப் பள்ளிக்குள்ளேயும், வாசலில் இருந்து 50 மீட்டருக்குள்ளும் விற்கவோ விளம்பரம் செய்யவோ கூடாது. நல்ல விதிதான். ஆனா மீட்டர் கணக்கு. வீட்டுப்பாடம் பார்க்க ஃபோனைத் திறக்கிற பிள்ளைக்கும் பள்ளி வாசலுக்கும் எத்தனை மீட்டர்? கலிபோர்னியா 2014ல் போட்ட சட்டம் இந்த இடத்தைச் சரியாப் பிடிச்சிருக்கு. பள்ளிக்காகச் செய்த ஆப், அந்தப் பிள்ளையின் விவரங்களை வெச்சு குறிபார்த்து விளம்பரம் காட்டக் கூடாது.

எங்க மீட்டிங்கில் இதையெல்லாம் பேசினேனான்னு கேட்கறீங்களா? பாதி பேசினேன். விட்டில் கதையைச் சொன்னேன், இரண்டு பேர் சிரிச்சாங்க. ஒருத்தர் அந்தத் தடுப்பு மைய விஷயம் நிஜமான்னு கேட்டார். பேனர் டிக்கெட் இன்னும் என் பேரில் ஓப்பனாத்தான் இருக்கு. அதில் ஒரே ஒரு கேள்வி எழுதி வெச்சிருக்கேன்: "வீட்டுப்பாடத்தைப் பார்க்காமல் விடாமலேயே ஒரு பையன் இந்தப் பேனரைப் பார்க்காமல் விட முடியுமா?" பன்னிரண்டு நாள் ஆச்சு, யாரும் பதில் போடலை.