சிறுத்த இரைப்பையும் சோற்றுத் தட்டும்: தாது வருஷம் முதல் ஒரகடம் வரை

வண்டலூரிலிருந்து வாலாஜாபாத் செல்லும் சாலையில், ஒரகடத்துக்குச் சற்று முன்னதாக அமைந்துள்ள படப்பை, இன்று காஞ்சிபுரம் மாவட்டத்தின் குன்றத்தூர் வட்டத்தைச் சேர்ந்தது. பழைய செங்கல்பட்டு மாவட்டத்தின் பிற ஊர்களைப் போலவே ஏரிப் பாசனத்தை நம்பி, மழை பொய்த்த ஆண்டுகளில் பசியையும் அறிந்து வாழ்ந்த நிலப்பகுதி அது. அங்கே உணவு மிகுதியே நோயாகும் நிலையும், அந்நோய்க்காக இரைப்பையைச் சுருக்கும் அறுவை சிகிச்சையும் இரண்டு தலைமுறைகளுக்குள் எட்டும் தொலைவுக்கு வந்துவிட்டன. இவ்வறுவைக்குப் பின் நோயாளியின் கையில் கொடுக்கப்படும் உணவுப் பட்டியலில் முதலில் தெளிந்த நீராகாரமும், அடுத்துக் கஞ்சியும், அதற்கடுத்துக் குழைந்த சோறும், கடைசியில்தான் வழக்கமான உணவும் இடம்பெறுகின்றன. அப்பட்டியல் அண்மைக்கால மேலைநாட்டுப் புதுமைபோலத் தோன்றினும், அதன் பெரும்பகுதி தமிழ்நாட்டு மருத்துவமனைகள் வேறு காரணங்களுக்காக முன்பே கற்றறிந்ததாகும்.

1780-இல் ஹைதர் அலியின் படையெடுப்பு காஞ்சிபுரத்தைச் சுற்றியிருந்த ஊர்களைப் பாழாக்க, அதைத் தொடர்ந்து வந்த பஞ்சத்தில் சென்னைக்கு ஓடிவந்தவர்களுக்குக் கஞ்சி வார்ப்பதற்காக 1782-இல் தோன்றிய மணியக்காரர் சத்திரமே பின்னாளில் வளர்ந்து ஸ்டான்லி மருத்துவமனையாயிற்று. வடசென்னை மக்கள் அதைக் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்றே நெடுங்காலம் அழைத்துவந்தனர். 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருஷப் பஞ்சத்தில் செங்கல்பட்டு மாவட்டமும் தப்பவில்லை. அப்போது இந்திய அரசின் சார்பில் சென்னை மாகாணத்துக்கு அனுப்பப்பட்ட சர் ரிச்சர்ட் டெம்பிள், நிவாரண வேலை செய்யும் ஆண் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியம், அதாவது ஏறத்தாழ 450 கிராம், போதுமென்று கூலியைக் குறைத்தார். மாகாணச் சுகாதார ஆணையராக இருந்த வில்லியம் கார்னிஷ் இவ்வளவு உயிரைத் தாங்காது என்று கடுமையாக எதிர்த்தார். பட்டினி ஓர் எல்லையைக் கடந்துவிட்டால் பிறகு உணவு கொடுத்தும் உடல் ஏற்காமல் போவதை நிவாரண முகாம் மருத்துவர்கள் கண்டனர். அம்முகாம்களில் இறந்தோரின் உடல்களை ஆராய்ந்த அலெக்சாண்டர் போர்ட்டர், தம் முடிவுகளை 1889-இல் நூலாகவே வெளியிட்டார். நீண்ட பசிக்குப் பின் உணவை மெல்ல மெல்லத்தான் ஏற்ற வேண்டும் என்ற அறிவுக்கு இம்மண்ணின் மக்கள் கொடுத்த விலை மிகப் பெரிது என்பதை மருத்துவ வரலாறு எழுதுவோர் மறந்துவிடக் கூடாது.

இரைப்பையிலேயே கத்தி வைக்கும் வரலாறு இம்மண்ணில் இன்னும் தெற்கே தொடங்குகிறது. வியன்னா நகரில் தியோடர் பில்ரோத் 1881-இல் இரைப்பையின் ஒரு பகுதியை வெட்டியகற்றி நோயாளியைப் பிழைக்கவைத்த பின், அவ்வறுவையும் அதைச் சார்ந்த பிற முறைகளும் உலகெங்கும் பரவின. தென்னிந்தியாவில் அவற்றுக்கு மிகுந்த தேவை இருந்தது. இரைப்பைக்கு அடுத்துள்ள முன்சிறுகுடலில் உண்டாகும் புண், அரிசியும் மரவள்ளிக்கிழங்கும் முதன்மை உணவாக இருந்த பகுதிகளில் பெருவழக்காகக் காணப்பட்டது. புண் ஆறித் தழும்பாகி வழியை அடைக்க, உண்டதெல்லாம் வாந்தியாகி எலும்பும் தோலுமாக மெலிந்தவர்கள் நெய்யூர் மிஷன் மருத்துவமனையை நாடிவந்தனர். அன்று திருவிதாங்கூரிலும் இன்று கன்னியாகுமரி மாவட்டத்திலும் அடங்கிய அவ்வூரில், 1922, 1924 ஆகிய ஆண்டுகளின் எவரெஸ்ட் பயணங்களில் பங்கேற்ற டி. ஹோவர்ட் சாமர்வெல் அறுவை மருத்துவராகப் பல்லாண்டு பணிபுரிந்தார். சிறுகுடலின் ஒரு வளைவை மேலே இழுத்து இரைப்பையோடு நேராக இணைத்து, அடைபட்ட வழியைத் தவிர்த்து உணவு இறங்கப் புதுவழி அமைக்கும் அறுவையை அவர் பெருமளவில் செய்தார். அந்த அனுபவத்தின் பயனாக இரைப்பை, முன்சிறுகுடல் அறுவைகள் பற்றி 1948-இல் நூலொன்றும் எழுதினார். மைசூரில் 1950-களில் பணியாற்றிய பிராங்க் டோவி, இந்நோய் அரிசி உண்ணும் தெற்கிலும் கிழக்கிலும் மிகுந்தும், கோதுமை உண்ணும் வடமேற்கில் அருகியும் இருப்பதைக் காட்டி, ஆராய்ச்சியை உணவின் பக்கம் திருப்பினார்.

இவ்வாறு வழி மாற்றப்பட்ட வயிற்றோடு வீடு திரும்பியவர்கள் உண்ணும் முறையைப் புதிதாகக் கற்க வேண்டியிருந்தது. இரைப்பையின் இயல்பான வாயில் தவிர்க்கப்பட்டதால், இனிப்பும் நீர்மமும் கலந்த உணவு சிறுகுடலுக்குள் திடீரெனக் கொட்ட, வியர்வையும் படபடப்பும் தலைச்சுற்றலும் சிலருக்கு உண்டாயின. மருத்துவர்கள் இதை டம்பிங் என்று அழைத்தனர். சிறுசிறு வேளைகளாக உண்பது, சர்க்கரையைக் குறைப்பது, உணவோடு தண்ணீர் குடிக்காதிருப்பது ஆகிய அறிவுரைகள் இதற்கு மருந்தாயின. பிற்காலத்தில் அமிலத்தை அடக்கும் மாத்திரைகள் வந்ததாலும், புண்ணுக்கு முதன்மையான காரணம் ஒரு பாக்டீரியா என்று 1982-இல் ஆஸ்திரேலியாவின் பேரி மார்ஷலும் ராபின் வாரனும் கண்டறிந்ததாலும் புண்ணுக்கான அறுவை அருகிப்போயிற்று. ஆனால் அதற்கு முன்பே, அமெரிக்காவின் அயோவாவில் எட்வர்ட் மேசன் என்ற அறுவை மருத்துவர், புண்ணுக்காக இரைப்பை வெட்டப்பட்டவர்கள் எடை குறைந்தே இருப்பதைக் கவனித்து, மெலிந்தோருக்கு இடையூறாக இருந்த அந்த விளைவையே பருமனானோருக்குச் சிகிச்சையாக மாற்றி 1966-இல் இரைப்பை மாற்றுவழி அறுவையைத் தொடங்கிவிட்டார்.

வெட்டுவதும் இணைப்பதும் இல்லாத வழியைத் தேடியதன் பயனே இரைப்பைப் பட்டை. அமெரிக்காவில் பணியாற்றிய லுபோமிர் குஸ்மாக், இறுக்கத்தைக் கூட்டவும் குறைக்கவும் கூடிய சிலிக்கோன் பட்டையை 1986-இல் அறிமுகப்படுத்தினார்; எத்தியோப்பியாவில் பிறந்த மிட்டிக்கு பெலாச்சு 1993-இல் பெல்ஜியத்தில் அதை வயிற்றைத் திறக்காமல் சிறு துளைகள் வழியே பொருத்திக் காட்டினார். இரைப்பையின் மேற்பகுதியைச் சுற்றி இப்பட்டை கட்டப்படும்போது, அதற்குமேல் சில தேக்கரண்டி உணவு மட்டுமே கொள்ளும் சிறு பை உருவாகிறது; தோலுக்கடியில் பதிக்கப்பட்ட சிறு குமிழின் வழியே ஊசியால் உப்புநீரை ஏற்றினால் பட்டை இறுகும், எடுத்தால் தளரும்.

இப்பட்டை தமிழ்ச் சாப்பாட்டின் ஒழுங்கோடு எங்கே மோதுகிறது என்பதை ஒரு தட்டைக் கொண்டே விளக்கலாம். சாம்பார்ச் சோறு, ரசச் சோறு, மோர்ச் சோறு என்று சோற்றை நடுவில் வைத்து, ஒவ்வொரு முறையும் மேலும் நீர்த்த குழம்பை ஊற்றிப் பிசைந்து, இடையிடையே தண்ணீரும் குடித்து முடிப்பது இங்குள்ள வழக்கம். பட்டை அணிந்தவருக்கோ ரசம் சோற்றைக் கரைத்துச் சிறு பையிலிருந்து விரைவில் கீழே இறக்கிவிடும், அதனால் நிறைவு நிலைக்காமல் பசி மீளும் என்று மருத்துவர்கள் கற்பித்தனர்; புண் அறுவைக் காலத்தில் டம்பிங்கைத் தடுக்கச் சொல்லப்பட்ட அதே தண்ணீர் விலக்கு, இப்போது வேறொரு காரணத்தோடு திரும்பிவந்தது. மறுபுறம், சரியாக மெல்லாமல் விழுங்கிய சோற்றுருண்டையோ சப்பாத்தித் துண்டோ நாரான இறைச்சியோ பட்டையின் குறுகிய வாயில் சிக்கி, நெஞ்சு வலியையும் வாந்தியையும் தரும். புரதத்தின் தேவை இதைவிடக் கடினமானது. நாளொன்றுக்குக் குறைந்தது 60 கிராம் புரதம் வேண்டும் என்பது பொதுவான அறிவுரையாக இருக்க, 100 கிராம் சோற்றில் இரண்டரை கிராமளவும் ஒரு முட்டையில் ஆறு கிராமளவுமே புரதம் இருப்பதால், பருப்பையும் முட்டையையும் சுண்டலையும் மீனையும் முதலில் உண்டு, இடமிருந்தால் மட்டும் சோற்றைத் தொட வேண்டியதாகிறது. சோறு தொடுகறியின் இடத்துக்கு இறங்குவதுதான் இவ்வறுவை கேட்கும் மெய்யான மாற்றம். அதைச் சொல்லாமல் அளவை மட்டும் சொல்லும் உணவுப் பட்டியல் பாதி வேலையையே செய்கிறது.

பட்டையின் காலம் நீளவில்லை. அதன் இறுக்கத்தைத் திரும்பத் திரும்பச் சரிசெய்ய மருத்துவமனைக்கு வந்துகொண்டேயிருக்க வேண்டியிருந்தது. பட்டை நழுவுவதும் இரைப்பைச் சுவரை அரிப்பதும் உண்டு. திட உணவு சிக்குகிறதென்று ஐஸ்கிரீம், இனிப்புப் பானம் போன்ற எளிதில் இறங்கும் உணவுகளுக்கு மாறியவர்களுக்கு எடை குறையவுமில்லை. ஆகவே இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் வெட்டியகற்றிக் குழாய்போல் ஆக்கும் அறுவை 2010-களில் அதன் இடத்தைப் பிடித்தது. அறுவை மாறினும், மென்று மெல்ல உண்ணுதல், புரதம் முதலில், தண்ணீர் தனியே என்னும் ஒழுங்கு பெரிதும் அப்படியே நிலைத்தது.

இவ்வரலாற்றோடு படப்பையின் அண்மைக் காலத்தைச் சேர்த்துக் காண வேண்டும். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலை 1998-இல் கார் உற்பத்தியைத் தொடங்கியது. 2010-இல் ஒரகடத்தில் ரெனோ–நிசான் ஆலை திறக்கப்பட்டது. ஏரிப்பாசன ஊர்களின் நாள்முறை ஷிப்டுக்கும் கம்பெனி பேருந்துக்கும் ஏற்ப மாறியது. 2011 முதல் ரேஷன் அரிசியும் விலையின்றிக் கிடைக்க, கார்னிஷ் எதிர்த்து வாதாடிய தானியப் பற்றாக்குறை நீங்கிற்று. அது போற்றத்தக்க சாதனை. எனினும் 2019–21-ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுப் பெண்களில் 40.4 விழுக்காட்டினரும் ஆண்களில் 37 விழுக்காட்டினரும் மிகை எடையோ உடற்பருமனோ உடையவர்கள். உடலுழைப்புக் குறைவும், இரவு விழிப்பும், மாவுச்சத்து மிகுந்த தட்டும் இதில் பங்கு கொள்கின்றன.

1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் 250 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலைகளில் உணவகம் அமையவும், ஐந்து மணி நேர வேலைக்குள் குறைந்தது அரைமணி நேர இடைவேளை கிடைக்கவும் வழிசெய்தது. அறுவைக்குப் பின் ஆலை வேலைக்குத் திரும்பி, அந்த அரைமணி நேரத்துக்குள் நடந்துசென்று, வரிசையில் நின்று, தட்டு வாங்கி, உண்டு, கைகழுவித் திரும்ப வேண்டியவருக்கு, ஒவ்வொரு கவளத்தையும் கூழாகும்வரை மென்று இருபது நிமிடத்துக்குக் குறையாமல் உண்ணும்படியும், தண்ணீரை அரைமணி கழித்துக் குடிக்கும்படியும் எழுதிக்கொடுப்பது அவரை இயலாத ஒன்றுக்குக் கட்டளையிடுவதாகும். இதே சட்டம் உணவகத்தில் பரிமாறப்படும் உணவுவகைகளையும், தொழிலாளர் இடம்பெறும் உணவகக் குழுவையும் பற்றி விதிகள் வகுக்க மாநில அரசுக்கு அதிகாரம் தந்தது. அறுவை செய்துகொண்டவருக்கு மட்டுமின்றி, நீரிழிவு உடையவருக்கும் உதவும் வகையில் சுண்டலும் முட்டையும் பருப்பும் சோறின்றித் தனியே வாங்கும் வசதியையும், நடுவில் ஒரு பத்து நிமிடச் சிற்றிடைவேளையையும் கேட்டுப்பெறுவதற்கு உரிய இடம் அந்தக் குழுதான். மருத்துவமனையின் உணவுப் பட்டியல் நோயாளியின் சட்டைப்பையோடு நின்றுவிடாமல் அங்கேயும் சென்று சேர வேண்டும்.