பீனாலிக் பிசின் பூச்சுகள்

பீனாலிக் பிசின் பூச்சுகள் என்பவை, பீனாலும் பார்மால்டிகைடும் வினைபுரிந்து உருவாகும் செயற்கைப் பிசினைப் படலம் அமைக்கும் பொருளாகக் கொண்ட வண்ணப்பூச்சுகள், வார்னிஷ்கள், உட்பூச்சுகள் ஆகியவற்றைக் குறிக்கும். இவை நீர், அமிலம், கரைப்பான், வெப்பம் ஆகியவற்றை நன்கு தாங்குகின்றன. ஆனால் வெளிச்சத்தில் மஞ்சளாகிக் கருப்பதாலும் வளைக்கும்போது விரிசல் விடுவதாலும், வெளியில் தெரியும் அலங்காரப் பூச்சாக இவை அரிதாகவே பயன்படுகின்றன. உணவுத் தகரங்களின் உட்புறம், வேதிப்பொருள் தொட்டிகள், வெப்பப் பரிமாற்றிக் குழாய்கள், மின்னோடிச் சுருள்கள் போன்ற மறைவான இடங்களே இவற்றின் முதன்மைக் களங்களாகும். தமிழ்நாட்டில் கிடைக்கும் முந்திரி ஓட்டு எண்ணெயும் இவ்வகைப் பிசின்களுக்கு ஒரு மூலப்பொருளாகும்.

வரலாறு

1872இல் ஜெர்மானிய வேதியியலாளர் அடால்ஃப் வான் பேயர், பீனாலையும் ஆல்டிகைடுகளையும் சேர்த்தபோது பிசின் போன்ற பொருள் உண்டாவதைக் கண்டார். அதைக் கட்டுப்படுத்திப் பயனுள்ள பொருளாக்கியவர் பெல்ஜியத்தில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த லியோ பேக்லாண்ட் ஆவார். வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் பிசினை இறுக்கும் முறைக்கு 1907இல் அவர் காப்புரிமை கோரினார். 1909இல் பேக்லைட்டை உலகுக்கு அறிவித்தார்.

தொடக்ககாலப் பீனாலிக் பிசின்கள் ஆளிவிதை எண்ணெய் போன்ற உலரும் எண்ணெய்களில் கரையவில்லை. ஆகவே வார்னிஷ் செய்வோர் கோப்பல் போன்ற இயற்கைப் பிசின்களையே தொடர்ந்து நம்பியிருந்தனர். பைன் மரப் பிசினுடன் சேர்த்துச் சமைக்கப்பட்ட, எண்ணெயில் கரையும் வகை ஜெர்மனியில் 'ஆல்பர்ட்டால்' என்ற பெயரில் உருவானபின் இந்நிலை மாறியது. 1920களில் இப்பிசினையும் துங் எண்ணெயையும் கொண்டு சில மணி நேரத்தில் உலரும் வார்னிஷ்கள் செய்யப்பட்டன.

வேதியியல்

பீனாலிக் பிசின்கள் இரு பெரும் வகைப்படும்.

ரிசோல்: பார்மால்டிகைடு மிகுதியாகவும் பீனால் குறைவாகவும் எடுத்துக்கொண்டு, கார வினையூக்கியுடன் செய்யப்படுவது. சூடாக்கினால் தானாகவே இறுகும்.

நோவோலாக்: பீனால் மிகுதியாக, அமில வினையூக்கியுடன் செய்யப்படுவது. தானாக இறுகாது, ஹெக்சமீன் போன்ற இறுக்கும் பொருளைச் சேர்க்க வேண்டும்.

இறுகும்போது மூலக்கூறுகள் ஒன்றோடொன்று குறுக்காகப் பிணைந்து மிக நெருக்கமான முப்பரிமாண வலையாகின்றன. நீரும் கரைப்பானும் இவ்வலைக்குள் எளிதில் புக முடியாது. அதேவேளை, வலையின் இழைகள் அசைவதற்கு இடமில்லாததால் படலம் நொறுங்கும் தன்மை பெறுகிறது. எனவே இப்பூச்சின் வலிமைக்கும் குறைபாட்டுக்கும் காரணம் ஒன்றே. பீனாலிலுள்ள ஐதராக்சில் தொகுதி சிறிது அமிலத்தன்மை உடையது. ஆகவே எரிசோடா போன்ற வன்காரங்கள் படலத்தைத் தாக்குகின்றன. நைட்ரிக் அமிலம் போன்ற ஆக்சிசனேற்றிகளையும் இது தாங்குவதில்லை.

பூசும் முறை

ரிசோல் பூச்சுகள் பெரும்பாலும் 150 முதல் 200 பாகை செல்சியசு வரையிலான வெப்பத்தில் சுடப்படுகின்றன. இறுகும் வினையில் நீராவி வெளியேறுவதால், ஒரே தடவையில் தடிப்பாகப் பூசினால் கொப்புளங்கள் தோன்றும். ஆகவே தொட்டி உட்பூச்சுகளில் மெல்லிய படலங்களாகப் பலமுறை பூசி, ஒவ்வொரு முறையும் இளஞ்சூட்டில் உலர்த்தி, இறுதியில் முழு வெப்பத்தில் சுடுவர். சுடச்சுடப் படலம் பொன்னிறத்திலிருந்து கரும்பழுப்பாக மாறுவதால், அந்நிறமே இறுகிய அளவைக் காட்டும் அடையாளமாகிறது.

சூளைக்குள் கொண்டுசெல்ல இயலாத பெருந்தொட்டிகளுக்கு எப்பாக்சி நோவோலாக் பூச்சுகள் பயன்படுகின்றன. இவை அமீன் சேர்மங்களால் அறை வெப்பநிலையிலேயே இறுகும்.

பயன்பாடுகள்

உணவுத் தகரங்கள்: மீன், இறைச்சி ஆகியவற்றிலுள்ள கந்தகச் சேர்மங்கள் வெள்ளீயப் பூச்சைக் கருக்கச் செய்யும். பொன்னிற எப்பாக்சி-பீனாலிக் உட்பூச்சு இதைத் தடுக்கிறது. பீனாலிக் மட்டும் எனில் தகரத்தை வளைத்து உருவாக்கும்போது விரிசல் விடும் என்பதால், நெகிழ்வுள்ள எப்பாக்சி சேர்க்கப்படுகிறது.

மின்கருவிகள்: மின்னோடி, மின்மாற்றி ஆகியவற்றின் சுருள்களை நனைக்கும் காப்பு வார்னிஷ்களில் பயன்படுகிறது.

முதற்பூச்சுகள்: எண்ணெயுடன் சேர்த்துச் சமைத்த பீனாலிக் வார்னிஷ்கள் எஃகுக்கும் மரத்துக்கும் ஈரம் தாங்கும் அடிப்பூச்சாக அமைகின்றன.

தானுந்துத் தொழிலில்

காஞ்சிபுரம் மாவட்டத்தின் திருப்பெரும்புதூர், ஒரகடம், வடக்குப்பட்டு பகுதி இந்தியாவின் முக்கியத் தானுந்து உற்பத்தி வட்டாரங்களுள் ஒன்றாகும். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998இலும், ஒரகடத்தில் ரெனோ-நிசான் 2010இலும் உற்பத்தியைத் தொடங்கின. தானுந்து உடலின் துருத்தடுப்பு அடிப்பூச்சு பொதுவாக எப்பாக்சி அடிப்படையிலான மின்படிவுப் பூச்சே ஆகும். பீனாலிக் பிசின் கண்ணுக்குத் தெரியாத பாகங்களில் இடம்பெறுகிறது: பிரேக் லைனிங்கின் பிணைப்புப் பொருள், லைனிங்கை எஃகுடன் ஒட்டும் பசை, எண்ணெய் வடிகட்டித் தாளை விறைப்பாக்கும் பிசின், வார்ப்பு அச்சுக்கான மணலின் பூச்சு ஆகியவை எடுத்துக்காட்டுகளாகும்.

முந்திரி ஓட்டு எண்ணெய்

முந்திரிக் கொட்டையின் ஓட்டில் காரமான எண்ணெய் உள்ளது. இதன் முதன்மைக் கூறான அனகார்டிக் அமிலம் சூடாக்கும்போது கார்டனாலாக மாறுகிறது. கார்டனால் என்பது 15 கார்பன் அணுக்கள் கொண்ட நீண்ட சங்கிலியைத் தாங்கிய ஒரு பீனாலாகும். இச்சங்கிலி பிசின் வலைக்கு நெகிழ்வையும் நீரை விலக்கும் தன்மையையும் தருவதால், சாதாரணப் பீனாலிக் பிசினின் நொறுங்கும் குறை தணிகிறது. கார்டனாலிலிருந்து செய்யப்படும் பீனால்கமீன்கள், ஈரமான பரப்பிலும் குளிரிலும் எப்பாக்சியை இறுகச் செய்வதால் கப்பல் பூச்சுகளில் விரும்பப்படுகின்றன. பிரேக் லைனிங்கில் சேர்க்கப்படும் உராய்வுத் தூளும் இவ்வெண்ணெயிலிருந்து கிடைக்கிறது.

கடலூர் மாவட்டத்தின் பண்ருட்டி, தமிழ்நாட்டின் முந்திரித் தொழில் மையமாகும். ஓட்டை உடைக்கும்போது கசியும் எண்ணெய் தோலைப் புண்ணாக்கும். கையால் உடைக்கும் தொழிலாளர்கள், பெரும்பாலும் பெண்கள், எண்ணெயோ சாம்பலோ கையில் பூசிக்கொள்வது வழக்கம். கையுறை இதைவிட நல்ல பாதுகாப்பாகும்.

உடல்நலமும் பாதுகாப்பும்

முழுமையாக இறுகிய படலம் பெரும்பாலும் வினையற்றது. தீங்கு மூலப்பொருட்களிலும் அரைகுறையாகச் சுடப்பட்ட படலத்திலும் உள்ளது. பீனால் தோல் வழியாக உடலில் சேர்ந்து நஞ்சாகும். பார்மால்டிகைடை 2004இல் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருளாக வகைப்படுத்தியது. எனவே சுடும் சூளைகளுக்குப் போதிய காற்றோட்டமும் புகை வெளியேற்றமும் தேவை.

2024 டிசம்பரில் ஐரோப்பிய ஒன்றியம், உணவைத் தொடும் பொருட்களில் பிஸ்பீனால்-ஏ பயன்படுத்துவதைத் தடை செய்யும் ஒழுங்குவிதியை ஏற்றது; மாற்றத்துக்குக் கால அவகாசமும் அளித்தது. இதனால் தகர உட்பூச்சுகளில் பழைய எப்பாக்சிக்கு மாற்றுகள் தேடப்படுகின்றன. பிஸ்பீனால்-ஏ கொண்டு செய்த பீனாலிக் பிசின்களும் உண்டு என்பதால், 'பீனாலிக்' என்ற பெயர் மட்டுமே ஒரு பூச்சில் அப்பொருள் இல்லை என்பதற்குச் சான்றாகாது.

இவற்றையும் பார்க்கவும்

பேக்லைட்டு
எப்பாக்சி
முந்திரி
அரிமானம்