பாண்டாக்: எளிய உரையிலிருந்து வேர்டு ஆவணத்துக்கு

எளிய உரையிலேயே நட்சத்திரக் குறியும் ஹேஷ் குறியும் இட்டு வடிவமைக்கும் மார்க்டவுன் முறையை ஜான் குரூபர் 2004இல் வெளியிட்டார். அதைப் பிற வடிவங்களுக்கு மாற்றும் பாண்டாக் மென்பொருளை 2006இல் ஹாஸ்கெல் மொழியில் எழுதியவர், பெர்க்லியில் தத்துவம் கற்பிக்கும் ஜான் மெக்ஃபார்லேன். உரையை நேரே மாற்றாமல், தலைப்பு, பத்தி, பட்டியல் என்ற உறுப்புகள் கொண்ட மர அமைப்பாக முதலில் பிரித்துக்கொள்கிறது பாண்டாக். அதனால் புதிய வெளியீட்டு வடிவம் ஒன்றுக்கு, அந்த மரத்தைப் படித்து எழுதும் நிரல்பகுதி ஒன்று போதும். இந்த மர அமைப்பே அதன் பெரும் பலம்.

வேர்டு ஆவணம்தான் கடினம். அதன் டாக்எக்ஸ் வடிவம் பல எக்ஸ்எம்எல் கோப்புகளை அடக்கிய ஜிப் பொதி. நடை, எண்வரிசை, அடிக்குறிப்பு எல்லாம் தனித்தனிக் கோப்புகளில் இருக்கும். அவற்றின் இணைப்பு பிசகினால் ஆவணம் பழுதாகும். பாண்டாக்கில் டாக்எக்ஸ் எழுதும் வசதி 2012இல்தான் சேர்ந்தது. அதை வாசித்து மார்க்டவுனுக்குத் திருப்பும் வசதி 2014இல் வந்தது.