மோட்டார்ஹோம் டிவியும் 4, 7, 10 என்ற எண்களும்

போன கோடையில் ஆறு வாரம் அமெரிக்காவில், ஓக்லஹோமா சிட்டிக்குப் பக்கத்தில் மச்சினன் வீட்டில் இருந்தேன். அவன் அப்போதுதான் ஒரு பழைய மோட்டார்ஹோம் வாங்கியிருந்தான், 1998 மாடல். பார்த்திராதவர்களுக்கு: நம்ம ஊர் பஸ் அளவு வண்டி, உள்ளே அடுப்பு, ஃப்ரிட்ஜ், கட்டில், கக்கூஸ் எல்லாம் உண்டு. ஓய்வுபெற்ற தம்பதிகள் மாதக்கணக்கில் இதில் ஊர் சுற்றுவார்கள். டிரைவர் சீட்டுக்கு முன்னால், கண்ணாடிக்கு மேலே ஒரு மர அலமாரி. அதன் நடுவில் 20 அங்குல பிக்சர் டியூப் டிவி ஒன்று உட்கார்ந்திருந்தது.

"மாமா, இதைக் கழட்டிட்டு புதுசு மாட்டணும். ஒரு கை பிடிங்க" என்றான். அரை நாள் வேலை என்று நினைத்துத்தான் போனேன். ஊர் திரும்பிய பிறகும் அதைப் பற்றியே படித்துக்கொண்டிருக்கிறேன். அந்தக் குறிப்புகள்தான் இது.

முதலில் ஒன்று சொல்லிடறேன். அந்த டிவி கெட்டுப்போகவில்லை. டிவிடி போட்டால் படம் பளிச்சென்று வந்தது. ஆன்டெனாவுக்கு மாற்றினால் மட்டும் 2-லிருந்து 69 வரைக்கும் புள்ளி புள்ளியாக இரைச்சல். 2009 ஜூன் 12-ம் தேதி அமெரிக்காவின் முழுத்திறன் டிவி நிலையங்கள் அனலாக் ஒளிபரப்பை நிறுத்திவிட்டன. சிறு நிலையங்களுக்கு மட்டும் 2021 வரை தவணை கிடைத்தது. பெட்டி அப்படியேதான் இருக்கிறது, மாறினது காற்றில் வருகிற விஷயம். பழசாகிப்போன பொருள் என்றால் தேய்ந்து போனது, உடைந்து போனது என்றுதான் நமக்குத் தோன்றும். இது அந்த வகை இல்லை.

கழட்டுவதே பெரும்பாடு. பிக்சர் டியூப் டிவிக்கு முன்பக்கத்தைவிடப் பின்பக்கம்தான் கனம் என்று நினைப்போம், இல்லை. தடித்த கண்ணாடி முன்னால் இருப்பதால் பெட்டி முகம் குப்புறவே விழப் பார்க்கும். சுமார் 20 கிலோ. ஸ்டீயரிங் மேல் ஒரு கால், சீட் மேல் ஒரு காலாக நின்றுகொண்டு இறக்கினோம். பின்னால் ஒரு கம்பி தனியாக இஞ்சின் சாவிக்குப் போனது. சாவியைத் திருப்பினால் டிவிக்குக் கரன்ட் போய்விடும். ஓட்டுகிறவர் மேலே பார்த்துக்கொண்டு ஓட்டக்கூடாது என்பதற்கான ஏற்பாடு. ஆக, இது ஓடும் வண்டியில் பார்க்கிற டிவி இல்லை, நின்ற ஊரில் பார்க்கிற டிவி. நம் வீடியோ கோச் பஸ்ஸில் விழுப்புரம் தாண்டியதும் போடுவார்களே, அந்த வழக்கத்துக்கு நேர் எதிர்.

நின்ற ஊரில் பார்ப்பது என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

டிவி இருந்த குழிக்கு வலது பக்கம் ஒரு சின்ன அலமாரி, ஒற்றைக் கதவு. அதைத் திறந்தபோது கதவின் உள்பக்கத்தில், மரத்தின் மேலேயே பால்பாயின்ட் பேனாவில் எழுதியிருந்தது. காகிதம் ஒட்டியதில்லை, மரத்திலேயே. மூன்று ஊர்கள், ஊருக்கு மூன்று எண்கள்:

ஓக்லஹோமா சிட்டி 4, 5, 9. அமரில்லோ 4, 7, 10. ஆல்புகர்க்கி 4, 7, 13.

கீழே 98, 99, 00 என்று வரிசையாக வருடங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு டிக். கடைசி வருடம் 08.

மச்சினனுக்கு அது கிறுக்கல். எனக்கு அதை விட்டு நகர முடியவில்லை. இந்த மூன்று ஊரும் இன்டர்ஸ்டேட் 40 நெடுஞ்சாலையில் கிழக்கிலிருந்து மேற்காக வரிசையாக வருபவை. ஓக்லஹோமா சிட்டியிலிருந்து அமரில்லோ சுமார் 260 மைல், அங்கிருந்து ஆல்புகர்க்கி சுமார் 290 மைல். மூன்று ஊரிலும் 4 இருக்கிறது, கவனித்தீர்களா? தற்செயல் இல்லை. மூன்றுமே என்.பி.சி. நிகழ்ச்சிகளைத் தருகிற நிலையங்கள் என்பது வேண்டுமானால் தற்செயல். ஆனால் மூன்று ஊரிலும் அதே எண் வர முடிந்ததற்குப் பின்னால் ஒரு சட்டம் இருக்கிறது.

இரண்டாம் உலகப்போர் முடிந்ததும் அமெரிக்காவில் டிவி நிலையங்கள் மளமளவென்று முளைத்தன. ஒரே சேனலில் இரண்டு நிலையங்கள் அருகருகே இருந்தால் ஒன்றின் படத்தில் இன்னொன்றின் கோடுகள் ஓடும். புகார்கள் குவியவே, 1948-ல் எஃப்.சி.சி. என்கிற ஒளிபரப்பு ஆணையம் புது உரிமங்களை நிறுத்தி வைத்தது. சில மாதத்துக்கு என்று ஆரம்பித்தது நாலு வருடம் இழுத்தது. (அதே 1948-ல்தான் சேனல் 1-ஐ டிவியிடமிருந்து பிடுங்கி வேறு வானொலிச் சேவைகளுக்குக் கொடுத்தார்கள். அமெரிக்க டிவி 2-லிருந்து தொடங்குவது அதனால்தான்.) 1952 ஏப்ரலில் ஆணையம் ஒரு பெரிய அட்டவணையை வெளியிட்டது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஊர்கள், எந்த ஊருக்கு எந்த எண் என்று. நாட்டை மூன்று மண்டலமாகப் பிரித்து, 2 முதல் 13 வரையிலான சேனல்களில் ஒரே எண் திரும்ப வர வேண்டுமானால் குறைந்தது 170, 190 அல்லது 220 மைல் இடைவெளி வேண்டும் என்று வைத்தார்கள். நம் மூன்று ஊரும் 190 மைல் மண்டலம்.

ஆல்புகர்க்கியின் 4 தொடங்கியது 1948-ல். ஓக்லஹோமா சிட்டியின் 4, 1949-ல். இரண்டுமே அட்டவணைக்கு முந்தியவை. நடுவில் இருக்கும் அமரில்லோவுக்கு 4 வந்தது 1953-ல், அட்டவணை வந்த பிறகு. இரண்டு பக்கமும் 190-க்கு மேல் இடம் இருந்ததால் நடுவில் இன்னொரு 4-ஐச் செருக முடிந்தது. மேப்பில் அளவுகோல் வைத்துப் பார்த்தபோது எனக்கு ஒரு சின்னக் குதூகலம் வந்தது, மறைக்கவில்லை.

இன்னொன்று. ஒரே ஊரில் அடுத்தடுத்த எண்களைக் கொடுக்க மாட்டார்கள், ஒன்றில் ஒன்று கலந்துவிடும். அப்படியென்றால் ஓக்லஹோமா சிட்டியில் 4-ம் 5-ம் எப்படி? எண்தான் அடுத்தடுத்து, அலைவரிசை அப்படி இல்லை. சேனல் 4 என்பது 66 முதல் 72 மெகாஹெர்ட்ஸ். 5 தொடங்குவது 76-ல். நடுவில் 4 மெகாஹெர்ட்ஸ் வேறு உபயோகத்துக்குப் போய்விட்டது. அந்த இடைவெளிதான் இரண்டையும் ஒரே ஊரில் குடிவைத்தது.

ஆக, அலமாரிக் கதவில் யாரோ எழுதி வைத்தது வெறும் சேனல் லிஸ்ட் இல்லை. 1952-ல் வரைந்த ஒரு ஆகாய வரைபடத்தின் ஒரு துண்டு. எழுதியவருக்கு அது தெரிந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. சாயங்காலம் வண்டியை நிறுத்தியதும் கூரையில் இருக்கிற ஆன்டெனாவை உள்ளிருந்தே கைப்பிடியைச் சுழற்றி ஏற்றி, ஊர்ப்பக்கம் திருப்பி, எண்ணைத் தட்டினால் செய்தி வர வேண்டும். அவ்வளவுதான். மொட்டை மாடியில் ஆன்டெனாவைத் திருப்பிக்கொண்டே "வருதா? வருதா?" என்று கத்திய தலைமுறைக்கு, கடலோர ஊர்களில் ரூபவாஹினி பிடித்தவர்களுக்கு, இதை விளக்க வேண்டியதில்லை.

2009-ல் நடந்ததற்கு வருவோம். முதலில் குறித்த நாள் பிப்ரவரி 17. பழைய டிவியோடு இணைக்கிற மாற்றுப்பெட்டிக்கு அரசு ஒரு வீட்டுக்கு இரண்டு கூப்பன், ஒவ்வொன்றும் 40 டாலர் என்று கொடுத்தது. ஜனவரியிலேயே அந்தப் பணம் தீர்ந்து, காத்திருப்போர் பட்டியல் நீண்டதால் ஜூன் 12-க்குத் தள்ளிப்போட்டார்கள். நிறைய நிலையங்கள் அப்போது யு.எச்.எஃப். பக்கம் குடிபெயர்ந்தன. ஓக்லஹோமா சிட்டியின் 4 உண்மையில் ஒளிபரப்பாவது 27-ல். ஆல்புகர்க்கியின் 4, 26-ல். ஆனால் அறுபது வருடமாக 4 என்று ஊர் முழுக்கப் போஸ்டர் ஒட்டியவர்கள் அந்தப் பெயரை விடுவார்களா? அதனால் சிக்னலோடு சேர்த்து "என்னை 4.1 என்று காட்டு" என்ற தகவலையும் அனுப்புகிறார்கள். டிவி அதை நம்பி 4.1 என்று காட்டுகிறது. இப்போது 4 என்பது ஒரு விலாசம் இல்லை, ஒரு பெயர் மட்டும்.

மோட்டார்ஹோம்காரர்களுக்கு இதில் ஒரு தனித் தொல்லை. புது டிவிக்கு எந்தப் பெயர் எந்த அலைவரிசையில் இருக்கிறது என்று தானாகத் தெரியாது. ஒவ்வொரு ஊரிலும் ஒருமுறை ஸ்கேன் செய்ய வேண்டும். வீட்டில் இருப்பவர் வருடத்துக்கு ஒருமுறை செய்கிற வேலை, இவர்களுக்கு ராத்திரிக்கு ராத்திரி. அமரில்லோவில் போய் 4 என்று தட்டினால் ஆல்புகர்க்கியில் பிடித்துவைத்த 4-ஐத் தேடிக்கொண்டு சும்மா நிற்கும். அனலாக்கில் ஊருக்கு வெளியே இருந்தால் படம் மங்கும், புள்ளி விழும், ஆனாலும் செய்தி வாசிப்பவர் குரலாவது கேட்கும். டிஜிட்டலில் ஒரு எல்லை வரை சுத்தமான படம், அதைத் தாண்டினால் ஒன்றுமே இல்லை. ஒரு விஷயம் மட்டும் ஆறுதல்: பழைய ஆன்டெனாவே போதும். "டிஜிட்டல் ஆன்டெனா" என்று கடையில் விற்பதெல்லாம் பெயர்தான், ஆன்டெனாவுக்கு அனலாக் டிஜிட்டல் வித்தியாசம் தெரியாது.

லிஸ்ட் 2008-ல் நின்றுபோனதற்கு 2009-தான் காரணம் என்று எழுதிவிட்டால் கட்டுரைக்கு எவ்வளவு வசதி! நான் அப்படி ஒரு பத்தியை மனதுக்குள் எழுதியும் விட்டேன். ஆனாலும் ஒரு உறுத்தல். மச்சினனை விட்டு வண்டியை விற்ற பெரியவருக்கு போன் போடச் சொன்னேன்.

எழுதியது அவர் மனைவி. ஒவ்வொரு அக்டோபரும் ஆல்புகர்க்கி பலூன் திருவிழாவுக்குப் போவார்களாம். இவர் ஆன்டெனாவைச் சுழற்ற, அந்த அம்மா எண்ணைப் படிக்க. 2009-ல் ஏன் போகவில்லை? அந்த அம்மாவுக்கு முழங்கால் ஆபரேஷன். டிவிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. மறுபடி 2011-ல் போனபோதுதான் டிவி வேலை செய்யாததே தெரிந்திருக்கிறது. கூப்பனில் வாங்கிய மாற்றுப்பெட்டி வீட்டில் இருந்தது, வண்டியில் அதை வைக்க இடம் இல்லை. வைத்திருந்தாலும் டிவியை 3-லேயே விட்டுவிட்டு இன்னொரு ரிமோட்டில் எண்ணை மாற்ற வேண்டியிருக்கும். அதன் பிறகு டிவிடிதான். 11 என்று ஏன் டிக் போடவில்லை என்று கேட்கத் தோன்றியது, கேட்கவில்லை. என் அழகான பத்தியை அழித்தேன்.

அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "கதவை என்ன செய்யப் போறீங்க?"

அதுதான் சிக்கல். மச்சினன் தள்ளுபடியில் 32 அங்குல டிவி வாங்கி வைத்திருந்தான். பழைய 20 அங்குலத்தின் படம் 16 அங்குல அகலம், 12 அங்குல உயரம். இந்தப் புது வடிவத்தில் 20 அங்குலம் என்றால் உயரம் 10 கூட வராது. அதனால் எல்லோரும் பெரியதாக வாங்குகிறார்கள், அது பக்கவாட்டில் நீள்கிறது. 32-ன் படம் மட்டுமே 28 அங்குல அகலம். உயரத்தில் இடம் தாராளம், அகலத்தில் வலது அலமாரிக்கு மேல் போய் உட்காரும். கதவைத் திறக்கவே முடியாது, கீலோடு எடுத்தாக வேண்டும்.

"22 அங்குலம் வாங்கியிருந்தா குழிக்குள்ளயே அடங்கியிருக்கும்" என்றேன். "பெட்டியைப் பிரிச்சாச்சு மாமா, இனிமே கடைக்காரன் வாங்க மாட்டான்" என்றான். கொஞ்சம் முறைத்துக்கொண்டோம். அவன் வண்டி, அவன் டிவி. ஆனால் அந்தக் கதவை அறுத்து டிவிக்குப் பின்னால் முட்டுக்கொடுக்கிற பலகையாக்கலாம் என்று அவன் சொன்னபோது மட்டும் நான் விடவில்லை. வேறு பிளைவுட் வாங்கிவந்தோம். கதவின் நான்கு ஸ்க்ரூவையும் நானே கழட்டினேன். போட்டோ எடுத்துக்கொண்டு, குளியல் துண்டில் சுற்றி அட்டைப்பெட்டியில் வைத்தோம். பழைய டிவியை மின்னணுக் கழிவு வாங்கும் இடத்தில் கொடுத்தோம். அந்தக் கண்ணாடியில் ஈயம் இருப்பதால் குப்பையில் போடக்கூடாது.

மறுநாள் சாயங்காலம் மாட்டி முடித்து ஆன்டெனாவை ஏற்றினோம். ஸ்கேனில் ஒன்றுமே வரவில்லை. பத்து நிமிடம் ஒயரை எல்லாம் ஆட்டிப் பார்த்தபிறகுதான் சுவரில் இருந்த சின்ன பட்டன் கண்ணில் பட்டது. ஆன்டெனா தலையில் இருக்கிற பூஸ்டருக்கு 12 வோல்ட் போகிற சுவிட்ச். அமுக்கியதும் பச்சை விளக்கு எரிந்தது. மறுபடி ஸ்கேன். 4.1, 5.1, 9.1, அப்புறம் ஏதேதோ இருபது முப்பது. முதல் மூன்றையும் மச்சினன் போட்டோ எடுத்துப் பெரியவருக்கு அனுப்பினான். கதவுப் பெட்டி திங்கட்கிழமை தபாலில் போனது.

வண்டியைத் திரும்ப ஷெட்டில் விடக் கிளப்பினான். "டேய், ஆன்டெனாவை இறக்கு" என்று கத்தினேன்.