ஐந்து வோல்ட்டும் இரண்டு மின்தடைகளும்

1996 ஜனவரியில் யுஎஸ்பி வரையறை வெளிவந்தபோது, அது விசைப்பலகையையும் மவுஸையும் கணினியோடு சேர்க்கும் கம்பிதான். வடோதராவில் படித்த இன்டெல் பொறியாளர் அஜய் பட் அதன் முக்கியக் கர்த்தாக்களில் ஒருவர். கூடவே 5 வோல்ட் மின்சாரமும் வந்தது. ஆனால் ரேஷன் கடைக் கணக்கு. செருகியதும் 100 மில்லி ஆம்பியர், கணினி அனுமதித்தால் 500.

பேட்டரியை இதில் சார்ஜ் செய்ய நினைத்தவர்களுக்கு இங்கேதான் சிக்கல். சுவரில் செருகும் அடாப்டரில் அனுமதி தரக் கணினி ஏது? அதற்கு வழியாக, அடாப்டருக்குள் இரண்டு டேட்டா கம்பிகளையும் ஒன்றாக இணைத்துவிட்டார்கள். சீனாவின் 2006 தரமும் 2007இல் வந்த யுஎஸ்பி சார்ஜிங் வரையறையும் இதையே ஏற்றன. சார்ஜ் ஆகும் கருவியின் மின்சுற்றுப் பலகை ஒரு கம்பியில் சிறு மின்னழுத்தத்தைச் செலுத்திப் பார்க்கும். மறு கம்பியில் அது திரும்பி வந்தால் எதிரே இருப்பது அடாப்டர். பிறகு 1.5 ஆம்பியர் வரை தயங்காமல் எடுக்கலாம். ஆப்பிள் மட்டும் வழக்கம்போலத் தனி வழி: அதே கம்பிகளில் மின்தடைகளால் குறிப்பிட்ட மின்னழுத்தங்களை வைத்தது.

2014இல் யுஎஸ்பி டைப்-சி இணைப்பான் வந்தது. மின்சாரம் வாங்கும் பலகையில் எதிரே இருப்பது எது என்று அறிய உதவும் இரண்டு சிசி முனைகளுக்கும் தனித்தனியே 5.1 கிலோ ஓம் மின்தடை வேண்டும் என்பது விதி. 2019இல் வெளியான ராஸ்பெரி பை 4 என்ற சிறு கணினிப் பலகை இரண்டுக்கும் ஒன்றையே வைத்தது. சிப் பொதிந்த கேபிளைச் செருகினால், சார்ஜர் அதை ஆடியோ கருவி என்று எண்ணி மின்சாரமே தரவில்லை!

அற்ப விலை மின்தடையில் செய்த சிக்கனம் அது. அடுத்த பலகைத் திருத்தத்தில் இரண்டாவது மின்தடை இடம்பெற்றது.